பகடை, கிட்டார், ஜொய்ஸ்டிக்: அமெரிக்கா பேய் தேடிய இருபது ஆண்டுகள்

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் மெம்பிஸ் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. 1993 மே மாதம் அங்கே எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் கொலை செய்யப்பட்டனர். ஒரு மாதத்துக்குள் பதின்ம வயது இளைஞர்கள் மூவரைப் பொலிஸார் கைது செய்தனர். அவர்களைக் கொலையோடு நேரடியாகப் பிணைக்கும் தடயம் பொலிஸாரிடம் இருக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அவர்களது கறுப்பு ரீசேர்ட்டுகள் பற்றியும், மெட்டாலிக்கா இசைக்குழுவின் பாடல்கள் பற்றியும், ஸ்டீபன் கிங்கின் திகில் நாவல்கள் பற்றியும் பேசப்பட்டது. 1994இல் மூவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஒருவருக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை.

ஒருவர் என்ன பாட்டுக் கேட்டார் என்பது எப்படிக் கொலை வழக்கில் சாட்சியமானது? இந்தக் கேள்விக்கு அந்த வழக்குக்குள் மட்டும் விடை தேட முடியாது. மேசையில் விளையாடும் ஒரு விளையாட்டு, றொக் இசை, வீடியோ கேம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்ட ஓர் அச்சத்தின் வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. 1979 முதல் 1999 வரையான இருபது ஆண்டுகளில் அந்த அச்சம் எப்படி வளர்ந்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதையே இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறேன்.

ஊடகக் கற்கைகள் பயிலும் எவரும் ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளரின் பெயரைக் கடந்துதான் வந்திருப்பார்கள். 1964 ஈஸ்டர் விடுமுறையில் இங்கிலாந்தின் கிளாக்டன் கடற்கரையில் இரு இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. சிறிய கைகலப்பு அது. பத்திரிகைகள் அதை நாட்டுக்கே வந்த ஆபத்தாக எழுதின. இதை ஆராய்ந்து 1972இல் கோஹன் எழுதிய நூலே ‘ஒழுக்கப் பீதி’ என்ற கருத்தைப் பரவலாக்கியது. ஒரு கூட்டத்தையோ பழக்கத்தையோ சமூகத்தின் எதிரியாகக் காட்டுவது, ஊடகம் அதைப் பெருப்பிப்பது, ‘நிபுணர்கள்’ வந்து விளக்கம் சொல்வது, அரசு சட்டத்தோடு வருவது, பின்னர் எல்லோரும் அதை மறந்துவிடுவது என்பதே அதன் போக்கு. அமெரிக்கக் கதையை வாசிக்கும்போது இந்த ஒழுங்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பகடையில் தொடங்கியது

‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974இல் வெளியிட்டனர். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். குகைக்குள் நுழைவதா, கதவை உடைப்பதா, பூதத்தோடு பேரம் பேசுவதா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள். முயற்சி பலித்ததா இல்லையா என்பதை இருபது பக்கங்கள் வரை கொண்ட பகடைகள் சொல்லும். வெற்றி தோல்வி கிடையாது, கதை நீண்டுகொண்டே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, பிள்ளைகள் அறைக்குள் கூடியிருந்து பேய்களைப் பற்றியும் மந்திரங்களைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் தெரியும்.

1979 ஓகஸ்ட்டில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த 16 வயது மாணவன் ஒருவன் காணாமற்போனான். அவ்வளவு சிறிய வயதில் பல்கலைக்கழகம் வந்த திறமைசாலி. குடும்பம் ஒரு தனியார் துப்பறிவாளரை அமர்த்தியது. அவன் இந்த விளையாட்டை விளையாடுபவன் என்று அறிந்த துப்பறிவாளர், பல்கலைக்கழகத்துக்கு அடியில் செல்லும் நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் விளையாட்டை நிஜமாக ஆடப்போய்த் தொலைந்திருக்கலாம் என்று ஊகித்தார். ஊகம் தலைப்புச் செய்தியானது. ஒரு மாதம் கழித்து அவன் லூசியானா மாநிலத்தில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டான். அவனை வாட்டியது மன அழுத்தமும் தனிமையும் படிப்புச் சுமையும். அடுத்த ஆண்டு அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்தத் துயரம் மக்கள் நினைவில் நிற்கவில்லை, சுரங்கக் கதை நின்றது. ரோனா ஜாஃபி 1981இல் இதே சாயலில் ஒரு நாவல் எழுதினார். அடுத்த ஆண்டு அது தொலைக்காட்சித் திரைப்படமாக வந்தது. அதில் நடித்த இளைஞர் டொம் ஹாங்ஸ்.

1982இல் வேர்ஜினியா மாநிலத்தில் ஒரு பதின்ம வயது மாணவன் உயிர் மாய்த்தான். விளையாட்டில் அவன்மீது போடப்பட்ட ஒரு ‘சாபமே’ காரணம் என்று நம்பினார் அவனது தாய் பற்றீசியா புல்லிங். பாடசாலை அதிபருக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. அதன் பிறகு அந்த விளையாட்டுக்கு எதிராகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1985இல் நாடு முழுவதும் பார்க்கப்படும் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் அவரும் கைகாக்ஸும் தோன்றினர். பிள்ளையை இழந்த தாயின் கண்ணீருக்கு முன்னால் ஒரு விளையாட்டுத் தயாரிப்பாளரின் விளக்கம் எடுபடுமா?

அந்தத் தாயின் துயரம் உண்மையானது. ஆனால் அவரது அமைப்பு முன்வைத்த கணக்கு பிழையானது. அக்காலத்தில் அமெரிக்காவில் 15 முதல் 24 வயதுக்குட்பட்டோரில் இலட்சத்துக்கு ஏறத்தாழ 12 பேர் ஆண்டுதோறும் உயிர் மாய்த்தனர். ஆகவே எந்தப் பழக்கத்தைக் கொண்ட பத்து இலட்சம் இளைஞர்களை எடுத்தாலும், அவர்களிடையே ஆண்டுக்குச் சுமார் 120 உயிரிழப்புகளை எதிர்பார்க்க வேண்டியிருக்கும். டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை மில்லியன் கணக்கானோர் விளையாடினர். அதன்மீது சுமத்தப்பட்டதோ பல ஆண்டுகளில் சில டசின் மரணங்கள். இந்தக் கணக்கை எழுத்தாளரும் விளையாட்டு வடிவமைப்பாளருமான மைக்கல் ஸ்டாக்போல் 1990இல் ஓர் அறிக்கையாகவே எழுதி வெளியிட்டார். ஆனாலும் விளையாட்டு நிறுவனம் அதற்கு முன்பே பணிந்துவிட்டிருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய்கள், சாத்தான்கள் ஆகிய சொற்களே நீக்கப்பட்டிருந்தன.

அச்சம் அரச இயந்திரத்தையும் தொற்றியது. 1990 மார்ச் 1ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரிலிருந்த ‘ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனத்துக்குள் அமெரிக்க இரகசிய சேவைப் பிரிவினர் புகுந்தனர். கணினிக் குற்றங்கள் பற்றிய தேடுதல் அது. அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு மேசை விளையாட்டு நூலின் கைப்பிரதியும் கணினிகளும் கைப்பற்றப்பட்டன. எதிர்காலக் கற்பனையில் அமைந்த அந்த விளையாட்டு நூலை, கணினிக் குற்றத்துக்கான கையேடு என்று ஓர் அதிகாரி கருதினார். நிறுவனம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. 1993இல் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்று 50,000 டொலருக்கு மேற்பட்ட நட்டஈட்டை வழங்கியது. இத்தகைய தேடுதல்களின் எதிர்வினையாக 1990இல் உருவானதுதான், இன்று இணைய உரிமைகளுக்காகப் பேசும் ‘இலெக்ட்ரோனிக் ஃப்ரொன்டியர் பவுண்டேஷன்’.

செனட் சபைக்கு வந்த கிட்டார்

இரண்டாவது கதை ஓர் இசைத்தட்டில் ஆரம்பிக்கிறது. அரசியல்வாதி அல் கோரின் மனைவி டிப்பர் கோர், தன் 11 வயது மகளுக்காக பிரின்ஸ் என்ற பாடகரின் ‘பேர்ப்பிள் ரெயின்’ தொகுப்பை வாங்கினார். அதிலிருந்த ஒரு பாடலின் பாலியல் வரிகள் அவரை அதிரவைத்தன. 1985இல் அவரும், திறைசேரிச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரின் மனைவி சூசன் பேக்கரும் வேறு சிலரும் சேர்ந்து பெற்றோருக்கான ஓர் அமைப்பைத் தொடங்கினர். மிக மோசமானவை என்று 15 பாடல்களைப் பட்டியலிட்டனர். மடோனா, சிண்டி லோப்பர் போன்றவர்களோடு பிளாக் சபத், ஏசி டிசி, ஜூடாஸ் பிரீஸ்ட் முதலிய ஹெவி மெட்டல் குழுக்களும் பட்டியலில் இருந்தன.

1985 செப்டெம்பர் 19ஆம் திகதி செனட் சபையின் வர்த்தகக் குழு இதை விசாரித்தது. குழுவில் அல் கோரும் ஓர் உறுப்பினர். இசைத்துறையின் பக்கம் மூவர் சாட்சியமளித்தனர். கிராமிய, நாட்டார் பாணியில் பாடிப் பெயர்பெற்ற ஜோன் டென்வர், மலைகளின் அழகை வியந்து தான் பாடிய பாடலையே போதைப்பொருள் பாடல் என்று சொல்லிச் சில வானொலி நிலையங்கள் தடைசெய்ததை நினைவுபடுத்தினார். ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர், வன்முறைப் பாலியல் பற்றியது என்று குற்றஞ்சாட்டப்பட்ட தனது பாடல், குழுவின் கிட்டார் கலைஞர் தொண்டையில் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் கொண்டிருந்த பயத்தைப் பற்றியது என்றார். ஃபிராங்க் ஸாப்பா வேறொரு விடயத்தைச் சுட்டினார். வெற்று ஒலிநாடாக்களுக்கு வரி விதிக்கும் ஒரு சட்டமூலத்தை இசை நிறுவனங்கள் அப்போது காங்கிரஸிடம் எதிர்பார்த்திருந்தன. அரசியல்வாதிகளின் மனைவியரைப் பகைத்துக்கொள்ளும் நிலையில் அவை இல்லை.

அவ்வாறே நடந்தது. இசை நிறுவனங்கள் எச்சரிக்கை வாசகம் ஒட்டச் சம்மதித்தன. கறுப்பு வெள்ளையில் நாம் இன்றும் காணும் அந்த முத்திரை 1990இல் ஒரே வடிவத்துக்கு வந்தது. வோல்மார்ட் போன்ற பெரும் கடைகள் முத்திரை குத்திய தொகுப்புகளை விற்க மறுத்தன. எந்தச் சட்டமும் தடைசெய்யாத பாடல்கள், நாட்டின் பல ஊர்களில் கிடைக்காமற் போயின.

அதே 1990இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் ஜூடாஸ் பிரீஸ்ட் குழு குற்றச்சாட்டுக்கு உள்ளாகி நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தது. 1985 டிசெம்பரில் இரு இளைஞர்கள் துப்பாக்கியால் தம்மைச் சுட்டுக்கொண்டனர். ஒருவர் அங்கேயே இறந்தார், மற்றவர் கடும் காயங்களோடு மூன்று ஆண்டுகள் வாழ்ந்து இறந்தார். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த 1978ஆம் ஆண்டுத் தொகுப்பின் ஒரு பாடலில், ‘செய்துவிடு’ என்ற மறைமுகக் கட்டளை ஒலிக்கிறது என்பது குடும்பத்தினரின் வாதம். குழுவின் பாடகர் ரொப் ஹல்ஃபோர்ட், அது தான் மூச்சை வெளிவிடும் ஓசையும் கிட்டார் ஒலியும் தற்செயலாகச் சேர்ந்தது என்றார். ஒலிநாடாவைத் தலைகீழாக ஓடவிட்டால் எந்தப் பாட்டிலும் எதையும் ‘கேட்க’ முடியும் என்பதை, உடைந்த கதிரை பற்றிய ஓர் அபத்த வாக்கியத்தைத் தமது பாட்டிலிருந்தே எடுத்துப் போட்டுக்காட்டினார். நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஒலியை அப்படிக் கேட்க இடமுண்டு, ஆனால் அது வேண்டுமென்று வைக்கப்பட்டதல்ல, மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிறுவப்படவும் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். அந்த இளைஞர்களின் வாழ்க்கையில் மதுவும் போதையும் குழப்பமான குடும்பச் சூழலும் இருந்தமை வழக்கில் வெளிவந்தது. ஆனால் செய்திகளில் பெரிதாக நின்றது மறைமுகக் கட்டளைதான்.

வெஸ்ட் மெம்பிஸ்

இந்தப் பின்னணியில்தான் 1993இல் அந்த மூன்று சிறுவர்களின் உடல்கள் கிடைத்தன. சாத்தான் வழிபாட்டுக் கொலை என்ற விளக்கம் அந்நகரில் ஏற்கெனவே தயாராக இருந்தது. டேமியன் எக்கல்ஸ் 18 வயது, கறுப்பு உடையும் மெட்டல் இசையும் பிடித்தவர். நண்பர் ஜேசன் போல்ட்வினுக்கு 16. அறிவுத்திறன் குறைந்தவரான ஜெஸி மிஸ்கெலி என்ற 17 வயது இளைஞரைப் பொலிஸார் மணிக்கணக்கில் விசாரித்து ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பெற்றனர். விசாரணையின் ஒரு பகுதி மட்டுமே ஒலிப்பதிவானது. வாக்குமூலத்தில் கொலை நடந்த நேரம் முதலானவை உண்மைக்குப் பொருந்தவில்லை. வழக்குத் தொடுநர் தரப்பு அழைத்த ‘மாந்திரீக நிபுணர்’, வகுப்புக்கே போகாமல் தபால்வழிக் கல்வியில் கலாநிதிப் பட்டம் பெற்றவர்.

இங்கே ஊடகம் வேறொரு வேலையும் செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஜோ பேர்லிங்கர், புரூஸ் சினோஃப்ஸ்கி ஆகிய இரு ஆவணப்பட இயக்குநர்கள் வழக்கைத் தொடர்ந்து படம்பிடித்தனர். 1996இல் வெளிவந்த ‘பரடைஸ் லொஸ்ட்’ என்ற அந்தப் படம், வழக்கின் ஓட்டைகளை நாட்டுக்குக் காட்டியது. படத்துக்குத் தமது இசையைப் பயன்படுத்த மெட்டாலிக்கா குழு அனுமதித்தது. 2007இல் வெளியான மரபணுப் பரிசோதனை முடிவுகளில் மூவரில் எவருடைய தடயமும் இருக்கவில்லை. 2011 ஓகஸ்ட் 19ஆம் திகதி, 18 ஆண்டுகள் சிறையில் கழித்த பின்னர், மூவரும் விடுவிக்கப்பட்டனர். அதுவும் முழுமையான விடுதலையல்ல. தாம் நிரபராதிகள் என்று சொல்லிக்கொண்டே, அரச தரப்பிடம் தண்டிக்கப் போதிய சான்று உண்டு என்று ஏற்றுக்கொள்ளும் விசித்திரமான ஓர் உடன்பாட்டின் பேரில் வெளியே வந்தனர். சட்டப் பதிவில் அவர்கள் இன்னும் குற்றவாளிகளே. கொல்லப்பட்ட மூன்று குழந்தைகளுக்கான நீதி என்ன ஆனது என்ற கேள்வியும் அப்படியே கிடக்கிறது. பீதிக்கு விலை கொடுத்தவர்களில் அந்தக் குழந்தைகளின் பெற்றோரும் அடங்குவர்.

திரையின் முறை

1993 டிசெம்பர் 9ஆம் திகதி செனட் சபையில் மீண்டும் ஒரு விசாரணை. இம்முறை வீடியோ கேம். ஜோசப் லீபர்மன், ஹேர்ப் கோல் ஆகிய செனட்டர்கள் ‘மோர்ட்டல் கொம்பாட்’, ‘நைட் ட்ராப்’ ஆகிய விளையாட்டுகளைச் சபைக்குக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டு தொழிற்துறையே வயதுத் தரப்படுத்தல் சபையொன்றை நிறுவியது. தற்செயலாக, விசாரணைக்கு மறுநாளே வெளியான விளையாட்டு ‘டூம்’.

1999 ஏப்ரல் 20ஆம் திகதி கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்பாடசாலையில் இரு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக்கொன்றனர். அவர்கள் டூம் விளையாடியது உண்மை. ஆனால் அதை மில்லியன் கணக்கானோர் விளையாடினர். பாடகர் மரிலின் மான்சனின் இரசிகர்கள் என்ற செய்தி பொய்யானது. இருந்தும் மான்சன் தன் இசைப் பயணத்தின் எஞ்சிய நிகழ்ச்சிகளை இரத்துச் செய்ய நேர்ந்தது.

அந்த இரைச்சலில் அடிபட்டுப்போனவை இரண்டு. கொலையாளிகளின் துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயதான ஒரு தோழி ஆயுதச் சந்தையொன்றில் பின்னணிச் சோதனை எதுவுமின்றி வாங்கிக் கொடுத்திருந்தார். இருவரில் ஒருவன் தன் இணையத்தளத்தில் கொலை மிரட்டல் எழுதியதை ஒரு குடும்பம் 1998இலேயே பொலிஸில் முறையிட்டிருந்தது. அவனது வீட்டைச் சோதனையிட அனுமதி கோரும் ஆவணம் தயாரிக்கப்பட்டும் நீதிபதியிடம் போகவே இல்லை. 2001 வரை இது பொதுமக்களுக்குத் தெரியவில்லை. டூம் பற்றி எழுதிய பக்கங்களில் ஒன்றையாவது அந்த ஆவணத்தைத் தேடச் செலவிட்டிருந்தால் என்ன என்று ஓர் ஊடகவியலாளராக நான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

வன்முறை விளையாட்டுகளைச் சிறுவருக்கு விற்பதைத் தடைசெய்த கலிபோர்னியாச் சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 2011இல் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் செல்லுபடியற்றதாக்கியது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் அன்டோனின் ஸ்கலியா பழமைவாதி. அவரே, நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் கிரிம் சகோதரர் கதைகளில் இரத்தம் குறைவா என்று கேட்டார். மலிவு நாவல், சினிமா, வானொலி, காமிக்ஸ் என ஒவ்வொன்றும் தன் காலத்தில் இளைஞரைக் கெடுப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதையும் வரிசைப்படுத்தினார். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல், வன்முறைச் செயல்களுக்கு வீடியோ கேம்களைக் காரணமாகக் காட்டப் போதிய ஆதாரம் இல்லை எனத் தெளிவுபடுத்தியது. சிறிய அளவிலான முரட்டு எண்ணங்கள், நடத்தைகளோடு தொடர்பு உண்டு என்பதை அச்சங்கம் மறுக்கவில்லை. ஆனால் அங்கிருந்து துப்பாக்கிச் சூட்டுக்கு நெடுந்தூரம்.

உண்மையான கேடு எங்கே?

இதையெல்லாம் எழுதுவதால் கேளிக்கைத் தொழிற்துறைக்கு நற்சான்றிதழ் கொடுப்பதாக எவரும் எண்ண வேண்டாம். பேயைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் பற்றுச்சீட்டைப் பார்க்கவில்லை என்பதே என் வாதம். பணம் கட்டினால் மட்டும் திறக்கும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத ‘அதிர்ஷ்டப் பெட்டிகள்’ பல விளையாட்டுகளில் உண்டு. 2018இல் பெல்ஜியம் அவற்றைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. 2022 டிசெம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் நிறுவனம் 520 மில்லியன் டொலர் செலுத்த அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு இணங்கியது. சிறுவரின் தனிப்பட்ட தகவல்களைப் பெற்றோரின் சம்மதமின்றிச் சேகரித்தமை, தவறுதலாக ஒரு பொத்தானை அழுத்தினாலே பணம் கழியும்படி வடிவமைத்தமை ஆகியன குற்றச்சாட்டுகள். இவை நிரூபிக்கக்கூடிய, திருத்தக்கூடிய கேடுகள். ஆனால் பரபரப்புச் செய்திக்கு ஏற்றவை அல்ல.

இந்தக் கதை அமெரிக்காவோடு முடிந்துவிடவில்லை. 2019 மார்ச்சில் இந்தியாவின் ராஜ்கோட் நகரப் பொலிஸார் பப்ஜி விளையாடிய மாணவர்களைக் கைது செய்தனர். அடுத்த மாதம் நேபாளம் அந்த விளையாட்டையே தடைசெய்தது. சில வாரங்களுக்குள் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தடையை இடைநிறுத்தியது. நம் ஊரிலும் ஒரு பிள்ளை தவறான முடிவெடுத்தால், காரணமாகக் கைத்தொலைபேசி விளையாட்டொன்றின் பெயர் மறுநாளே உலாவத் தொடங்கிவிடும்.

அத்தகைய செய்தியை எழுதும்போதும் வாசிக்கும்போதும் சில கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். இதே விளையாட்டை ஆடும், இதே பாட்டைக் கேட்கும் எத்தனை பேருக்கு எதுவும் நடக்கவில்லை? காரணத்தைச் சொல்பவர் யார், அவரது தகைமை என்ன? அந்தப் பிள்ளையைக் கடைசியாக ஓர் ஆசிரியரோ உளவளத்துணையாளரோ சந்தித்துப் பேசியது எப்போது? யாரிடமாவது முறைப்பாடு போனதா, அது எந்த மேசையில் தேங்கியது? விளையாட்டின் பெயரைத் தலைப்பில் போடுவதால் யாருடைய பொறுப்பு மறைகிறது?

இவற்றுக்கு விடை தேட இரண்டு நாட்கள் அதிகம் எடுக்கும். வெஸ்ட் மெம்பிஸில் அந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ள யாரும் இருக்கவில்லை. அங்கே அது பதினெட்டு ஆண்டுகளாக நீண்டது.